பீங்கானில் பூசிய சந்தனம்

வெள்ளைப் பீங்கானில் பியூஸ் கட்டையை எங்கே பார்த்தாலும் எனக்கு என் மாமியார் நினைவுதான் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கிணத்துக்கடவுப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில், எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தது. அதுவரை மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த தோட்டம் அது. மோட்டார் ரூமில் ஓர் இரும்புச் சட்டத்தில் ஸ்டார்ட்டரையும் அதற்கு மேலே பீங்கான் கட்டைகளையும் பொருத்திவிட்டு, வயர்மேன் கிளம்பும்போது சொன்னார்: "பீங்கான்ல கரண்ட் பாயாதுங்க. பயப்படாதீங்க."

அத்தை அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சுத்தம் என்றால் உயிரை விடுகிற மனுஷி. என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிற அதே கண்ணால் பீங்கானிலும் தூசி தேடுவார். ஆயுத பூஜை வந்தது. கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் விட முடியுமா? மாமனார் மெயின் சுவிட்சை இறக்கி, கரண்டை நிறுத்திக் கொடுத்தார். அத்தை சந்தனத்தைத் தளரக் குழைத்து, கட்டைகள் மேல் பட்டை பட்டையாகப் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். சந்தனம் பீங்கானிலிருந்து வழிந்து இரும்புச் சட்டம்வரை இறங்கியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பூட்டிக் கிடந்த ரூமில் அது விடியும்வரை காயவில்லை. மறுநாள் காலை, மோட்டார் போடுகிற பண்ணையாள் மெயினைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட்டரின் இரும்புப் பிடியைப் பிடித்தார். அவ்வளவுதான். அலறல் தோட்டம் முழுக்கக் கேட்டது. மாமனார் ஓடிப்போய்க் காய்ந்த மூங்கிலால் அடித்து அவர் கையை விலக்கினார். உயிர் தப்பியது. வலது உள்ளங்கை கருகி, விரல்கள் மடங்கிப்போயின.

அதற்கப்புறம் மாமனார் செய்த காரியம்தான் எனக்கு ஆறவில்லை. மெயினை இறக்கிவிட்டு, பீங்கானைத் துணியால் பளிச்சென்று துடைத்தார். "ஈரக்கையோட தொட்டுப்போட்டான்" என்று ஊர் முழுக்கச் சொன்னார். தன் தப்பால் கெட்டவனை வைத்துச் சோறு போட முடியாது, தோட்டத்தில் அவன் இருக்கிற குடிசையைக் காலி செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டார். மடங்கின கையோடு அந்த மனுஷனை வேறு எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்? அவர் மனைவி எங்கள் வாசலுக்கு வெளியே நின்று, "அவரு கை காஞ்சுதானுங்க இருந்துச்சு, சாமி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உள்ளே அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

விசாரிக்க மின்சார இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். மோட்டார் ரூமில் கட்டைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். விரிசல் இல்லை, குறை இல்லை. "நல்ல பீங்கானுங்க. ஆனா மேல ஈரம் படிஞ்சா, கரண்ட் அந்த ஈரத்து வழியா இரும்புக்கு இறங்கீரும். ஏதாச்சும் ஈரம் இருந்துச்சுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. அவன் கைதான் ஈரம்" என்றார் மாமனார்.

அத்தை வீட்டுச் சமையல்கட்டுக்குப் போனார். சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும், அன்றைக்குப் பூசியது போலவே கட்டைகள் மேல் பட்டை பட்டையாகப் பூசினார். அது இரும்புச் சட்டம்வரை வழிகிற வரைக்கும் காத்திருந்தார்.

"ஏனுங்க," என்றார் மாமனாரைப் பார்த்து. "ஆயுத பூசையன்னிக்கு நான் பூசுனது இப்படித்தான் இருந்துச்சு. உங்க கை காஞ்ச கைதானுங்களே? மெயினைப் போடச் சொல்றேன். பிடியப் புடிங்க."

மாமனார் ஓரடி பின்னால் போனார். முதுகு சுவரில் இடித்தது. இன்ஸ்பெக்டர் சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்ற பண்ணையாளின் மனைவி அழுகையை நிறுத்தியிருந்தாள்.

குடிசை காலியாகவில்லை. ஆனால் வெளியாள் முன்னால் தலைகுனிய வைத்தாள் என்று மாமனார் அத்தையோடு பேசுவதை விட்டுவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னிடம்தான் கேட்பார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சரிசெய்து, இனி பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுப் போட்ட கையோடு பண்ணையாள் வேலைக்கு வந்தார். இடது கையை ஸ்டார்ட்டர் பக்கம் கொண்டுபோனார். கொண்டுபோன கை அந்தரத்திலேயே நின்றது.

"நகந்துக்க, கண்ணு" என்று சொல்லி, அத்தை பிடியைப் பிடித்தார். மோட்டார் ஓடியது. சாகிறவரை தினமும் காலையில் அதைப் போட்டது அத்தைதான். என்னைக்கூடத் தொட விட்டதில்லை.