மாயெஸ்த்ரோவின் இடுப்புப் பட்டி

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஜெர்மனியின் பீலெஃபெல்டில் எங்கள் ஈழத்து ஆட்கள் பவனியில் தூக்கிவரும் மாதாவுக்குக் கூடு செய்தவன் நான். இந்து ஆட்களுக்கு மணவறை, இரண்டு கடைகளுக்கு அலுமாரி, ஒபரா அரங்கில் கோட்டை, கப்பல், சிறைச்சாலை எல்லாம் என் கையால் எழுந்தவை. பாஷை தெரியாமல், ஒருவரும் சொல்லித் தராமல் செய்தேன். ஒன்றுகூடச் சரியவில்லை.

ஒபரா என்றால் முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். அங்கே வாத்தியக்காரரை நடத்தியவர் ஓர் இத்தாலியர். இசை ஆசான் என்ற பொருளில் 'மாயெஸ்த்ரோ' என்றே அவரைக் கூப்பிடுவோம். என்னைப் போல வெறுங்கையோடு வந்து, ஐஸ்கிரீம் கடையில் கோப்பை கழுவி, ஒத்திகைக்குப் பியானோ வாசித்து, தலை நரைத்த பிறகு கோல் பிடித்தவர். தொண்ணூறுகளின் நடுவில், தானே எழுதிய ஒபராவை மேடையேற்ற அவருக்கு வாய்ப்பு வந்தது. அதே மாதம் கால்கள் தளர்ந்தன. தெரிந்தால் கோலை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் மட்டும் வந்து சொன்னார்.

பவனியில் மாதாவின் சுரூபம் சாயாமலிருக்க, உடைக்குள்ளால் இடுப்பைப் பட்டியால் வளைத்துப் பின்னால் கம்பியில் பூட்டுவது எங்கள் வழக்கம். அவருக்கும் அதையே செய்தேன்; கோட்டுக்குள்ளால் பட்டியைக் கட்டி, அவர் ஏறி நிற்கும் பலகையின் பின்கம்பியில் பூட்டினேன். வாத்தியக்காரரின் பள்ளத்தில் நிற்பவரின் இடுப்பு சபைக்குத் தெரியாது.

ஜெர்மனில் பேசியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"விழமாட்டனோ?"

"எங்கட மாதா இன்னும் விழேல்லை, மாயெஸ்த்ரோ."

"உங்கட மாதா அறுபது வாத்தியக்காரரோட மல்லுக்கட்டுறாவோ?"

முதல் நாள் மூன்று மணி நேரம் நின்றார். திரை விழுந்ததும் சபை எழுந்து கைதட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரூபம் திரும்புவதில்லை. இவர் சபைப் பக்கம் திரும்பித் தலைவணங்க வேண்டுமே! பூட்டு முதுகுப் பக்கம். அவர் கைக்கு எட்டாது. நானோ மேலே திரைக் கயிற்றோடு நிற்கிறேன். முதுகைக் காட்டியபடியே நின்றார் மனிதர். கைதட்டல் மெல்ல மெல்லச் செத்தது. நான் ஓடிப்போய் அவிழ்த்தபோது கதிரைகள் காலி.

திமிர் பிடித்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. இன்னொரு ஒபரா எழுதித் தா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லப் புறப்பட்ட என்னை மனைவி மறித்தாள்.

"வேலை போனா விசாவும் போயிடும். பேசாம இருங்கோ."

அவரும் விடவில்லை. "வாய் திறவாதை. ஏலாதவன் எண்டுறதிலும் திமிர் பிடிச்சவன் எண்டுறது பறவாயில்லை."

அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டார். அடக்கத்துக்கு எட்டுப் பேர். பெட்டியை இறக்கிய கயிறுகளில் ஒன்று என் கையில்.

இப்போது அவர் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். அதிலும் சபையை அவமதித்தவர் என்றே வருகிறதாம். எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மூன்று மணி நேரம் அவரை நிற்க வைத்தது என் பட்டி. அவரைத் திரும்பவிடாமல் பிடித்து வைத்ததும் என் பட்டி. இரண்டுக்கும் என் பெயரைப் போடுங்கள்.