எட்டாம் இலக்கத்தின் ஐந்தாவது பவுல்

1964 ஓகஸ்ட் 22, சனி. இறுதி ஆட்டம். 41 – 40.
இலக்கம் 7, அம்புறோஸ்: புள்ளி 23, பவுல் 4.
இலக்கம் 8, காமில்: புள்ளி 4, பவுல் 5.
1990 ஒக்ரோபர் 28, ஞாயிறு. மழை 31.5 மில்லிமீற்றர்.
2011. அனுப்பிய கடிதம் 2. வந்த கடிதம் 2.

அமிர்தநாயகத்தை மன்னார்ப் பள்ளிமுனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர் என்பதால் அவர் கிளாக்கர். காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து அளவை எழுதுவதும் அவர் வேலை. ஓய்வுபெற்ற பிறகும், கேட்பாரில்லாமலே, முற்றத்தில் சொந்தமாக ஒரு மானி வைத்து எழுதினார். கலியாணத்துக்கு நாள் வைப்பவர்கள் குருவானவரிடம் போகுமுன் அவரிடம் வந்து, போன வருடம் அந்தக் கிழமை மழை பெய்ததா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எழுதியதை அவர் அழிப்பதில்லை. பிழையான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்குக் கீழே பழையது தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, ஓரத்தில் முதலெழுத்தும் திகதியும் இடுவார். இந்த ஒழுங்கை மீறி அவர் வாழ்நாளில் ஒரு பதிவு மட்டும் இருந்தது. அதை அவர் பிழையாக எழுதவில்லை, பொய்யாக எழுதினார்.

கூடைப்பந்து பள்ளிமுனைக்கு வந்தது 1961இல். அப்போதிருந்த பங்குத்தந்தை, கருவாடு காயப்போடும் சீமெந்துத் தளத்தின் இரு பக்கமும் பனங்குற்றி நட்டு, கொல்லனைக் கொண்டு வளையம் பூட்டுவித்தார். கழகம் உண்டாயிற்று. ஒவ்வொருவரின் புள்ளியையும் பவுலையும், அதாவது ஆட்டப் பிழையையும், குறிக்கும் புள்ளிப் புத்தகம் எழுத அமிர்தநாயகத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. அணியின் நட்சத்திரம் அம்புறோஸ், அமிர்தநாயகத்தின் மனைவி மாக்கிறட்டின் தம்பி. அவனுக்கு வலக்கையாக நின்றவன் பக்கத்து முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டியிலிருந்து சைக்கிளில் வரும் காமில்.

இறுதி ஆட்டம் முடிந்து நாற்பத்தேழு வருடமாகியும் அருளம்மாவின் தேத்தண்ணிக் கடையில் அது முடியவில்லை. இயந்திரம் திருத்தும் சிங்கராசா அம்புறோசின் கட்சி. பெரியமடுவிலிருந்து வந்து மன்னாரில் லொறி ஓட்டிய தில்லைநாதன் காமிலின் கட்சி.

“அம்புறோஸ் தனியக் கொண்டுவந்த கோப்பையடா அது. மற்ற நாலு பேரும் வேடிக்கை பாத்தவை,” என்பார் சிங்கராசா.

“தனிய? யாழ்ப்பாணத்தார் என்ன செய்தவங்கள்? ஒருத்தன் அம்புறோசுக்கு முன்னால, ஒருத்தன் பின்னால. பந்தைக் கண்ணாலயும் காட்டேல்லை. காமில் போய் மதில் மாதிரி நிண்டு பின்னால வந்தவனை மறிச்சபடியாத்தான் உன்ர ஆள் வெளியில வந்தவர்.”

“மதில் கூடை போடுமோ?”

“மதில் இல்லாட்டி உன்ர வீட்டுக் கூரை நிக்குமோ?”

“சரி, அம்புறோசுக்கு ரெண்டு பேரை விட்டவங்கள் எண்டால் காமிலுக்கு ஆர் காவல்? ஒருத்தரும் இல்லை. ஏன்? அவன் போட மாட்டான் எண்டு யாழ்ப்பாணத்தானுக்கே தெரியும்.”

“அவன் போட்ட ரெண்டு கூடையும் அதாலதான் விழுந்தது. ரெண்டாவது விழுந்த பிறகு ஒருத்தன் அம்புறோசை விட்டிட்டு இவனிட்ட ஓடி வந்தவன். அதுக்குப் பிறகுதான் அம்புறோசுக்கு மூச்சு வந்தது. அதைச் சொல்லன்.”

“ரெண்டு பேரும் மதிலிலயும் கூரையிலயும் ஏறி நிண்டது காணும். தேத்தண்ணி ஆறுது,” என்பாள் அருளம்மா.

அப்போதுதான் சிங்கராசா துருப்பை இறக்குவார். “கடைசி மூண்டு நிமிசம் உன்ர மதில் எங்க? அஞ்சு பவுல் விட்டிட்டு வெளியில வாங்கிலில குந்தியிருந்தது. கிளாக்கரைக் கேள். கிளாக்கர், எட்டாம் இலக்கத்துக்கு எத்தினை?”

மூலைக் கதிரையிலிருந்து அமிர்தநாயகம் சொல்வார்: “அஞ்சு.”

தில்லைநாதன் வாயை மூடிக்கொள்வார். கிளாக்கரின் புத்தகத்துக்கு மேல் பேச்சில்லை. எத்தனை தரம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்? எல்லாவற்றையும் எண்ணுகிறவர் இதை மட்டும் எண்ணவில்லை.

நடந்தது இதுதான். மடுத் திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமை. ஏழு நிமிடம் மிச்சம். பள்ளிமுனை 34, யாழ்ப்பாணத்து அணி 36. அம்புறோசுக்கு நாலு பவுல். இன்னும் ஒன்று விழுந்தால் வெளியே. காமிலுக்கு மூன்று. வளையத்தடியில் அம்புறோஸ் எதிராளியின் கையில் அடித்தான். விசில். அந்தக் காலத்தில் பவுல் விட்டவன் கையை உயர்த்த வேண்டும். அம்புறோஸ் உயர்த்தவில்லை. அமிர்தநாயகம் இருந்த மேசையைப் பார்த்தான். நடுவர் ஏழு விரல் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

காலையில் மாக்கிறட் தம்பிக்காக மெழுகுதிரி கொளுத்தியதை அமிர்தநாயகம் நினைத்தாரா என்று கேட்டால், இல்லை. எதையும் நினைக்கவில்லை. பென்சில் ஏழாம் வரிக்குப் போக வேண்டியது, ஒரு வரி இறங்கி எட்டில் நின்றது. ஒரு சிறிய கோடு. அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துப் பயிற்சியாளர் ஓடிவந்தார். “ஏழுக்கு அஞ்சு! நான் எண்ணினனான்!”

நடுவர் புத்தகத்தைப் பார்த்தார். “நாலுதான் கிடக்கு.”

“பிழை!”

“உந்த மனிசன் மழையையே துளி பிசகாமல் எழுதிற ஆள். போங்கோ,” என்று பின்னாலிருந்து யாரோ கத்த, சனம் சிரித்தது. பயிற்சியாளர் போனார்.

நாலு நிமிடம் கழித்து காமில் ஒரு பவுல் விட்டான். உடனே கையை உயர்த்தினான். உண்மையில் அது அவனுடைய நாலாவது. அமிர்தநாயகம் ஐந்து என்று எழுதியிருந்த தகரத்தைத் தூக்கிப் பிடித்தார். காமில் மேசைக்கு வந்தான்.

“கிளாக்கர், நாலெல்லோ?”

“அஞ்சு.”

காமில் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாங்கிலில் போய் இருந்தான். அந்தக் கடைசி ஏழு நிமிடத்தில் பள்ளிமுனைக்கு வந்த ஏழு புள்ளியையும் அம்புறோஸ்தான் போட்டான். கோப்பை வந்தது.

அடுத்த மாதம் கொழும்பில் ஒரு திணைக்களம் விளையாட்டுக்காரருக்கு வேலை கொடுப்பதாக அறிவித்து, பள்ளிமுனையில் இரண்டு பேரின் விபரம் கேட்டது. அமிர்தநாயகம் புத்தகத்தைப் பார்த்துத் துப்புரவாகப் பிரதி எழுதி அனுப்பினார். அம்புறோசை எடுத்தார்கள். காமிலை எடுக்கவில்லை. அந்த ஒரு கோட்டால்தான் என்று சொல்ல முடியாது. நாலு புள்ளிக்காரனை எப்படியும் விட்டிருப்பார்கள். எதிராளியை மறித்து நின்றதற்குப் புத்தகத்தில் நிரல் கிடையாது. ஆனால் அந்தக் கோட்டால் அல்ல என்றும் சொல்ல முடியாது. காமில் வாப்பாவின் கருவாட்டு வியாபாரத்துக்குப் போனான். கழகத்துக்கு மீண்டும் வரவில்லை. அம்புறோஸ் 2003இல் சாகும்வரை வீட்டுக்கு வந்து போனான். அந்த ஆட்டத்தைப் பற்றி அத்தானும் மச்சானும் ஒரு சொல் பேசியதில்லை.

1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டிச் சனத்தை இயக்கத்தார் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்த கூட்டத்துக்குள் அமிர்தநாயகம் பாணும் தண்ணீரும் கொண்டுபோனார். காமில் மனைவி பிள்ளைகளோடு ஒரு பாயில் இருந்தார். தாடி நரைத்திருந்தது. அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல இதைவிட்டால் வேறு நாள் வராது என்று அமிர்தநாயகத்துக்குத் தெரியும்.

“கிளாக்கர், மழை வருமோ?” என்று காமில் கேட்டார். “பிள்ளையள் நனையப் போகுதுகள்.”

“வரும். போன வருசமும் இந்தக் கிழமை பெய்தது.”

அது சரியான விடை. அதை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அன்றிரவு பெய்ததைக் காலையில் அளந்து எழுதினார். பிறகு அவரும் இடம்பெயர்ந்தார். வீட்டில் எல்லாம் போயும் தகரப்பெட்டிக்குள் புத்தகங்கள் தப்பின. “கிளாக்கர் வீட்டை விட்டார், புத்தகத்தை விடேல்லை” என்று ஊர் புகழ்ந்தது. ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் அவர் நிலத்தைப் பார்த்தார்.

2011இல் கழகத்துக்கு ஐம்பது வயது. பொன்விழா மலர் அச்சிடுவதென்று முடிவாகி, செயலாளர் வீட்டுக்கு வந்தார். “ஐயா, இறுதி ஆட்டத்துப் பக்கத்தை அப்பிடியே படம் பிடிச்சுப் போடப் போறம். உங்கட கையெழுத்து முத்து மாதிரி.”

இதுவரை வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. அச்சில் வந்தால் காமில் ஐந்து பவுலோடு என்றைக்கும் நிற்பார். அமிர்தநாயகம் ஒரு கிழமை அவகாசம் கேட்டார். காமில் குடியேறியிருந்த புத்தளத்திலிருந்து கருவாடு வாங்க வரும் ஒருவரிடம் விலாசம் பெற்று, நடந்ததையும் கடையில் ‘அஞ்சு’ என்று சொல்லி வந்ததையும் ஒரு தாளில் எழுதி, மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. எழுத்து மகளுடையது.

“கிளாக்கர் ஐயாவுக்கு, வாப்பாவுக்கு இப்போது கண் தெரியாது. அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். ‘எனக்கு நாலு எண்டு அண்டைக்கே தெரியும். தெரிஞ்ச எனக்கு என்னத்துக்கு எழுதுறீங்க? தெரியாதவங்க அந்தக் கடையில இருக்கிறாங்க.’ இப்படிக்கு, நசீறா.”

அமிர்தநாயகத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்தைக் கண்டு கூசினார். அவர் கேட்டது மன்னிப்பு அல்ல, பெட்டிக்குள் வைத்துப் பூட்ட, கடன் தீர்ந்ததென்று ஒரு பற்றுச்சீட்டு.

நடந்ததையும் கடையில் சொல்லப்போவதையும் மாக்கிறட்டிடம் முதலில் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

“செத்துப்போன என்ர தம்பியைச் சந்தியில நிப்பாட்டப் போறியளோ?”

“அவன் ஒண்டும் எழுதேல்லை மாக்கிறட். எழுதினது என்ர கை.”

“கோப்பை?”

அவர் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். அவள் சுளகைக் கீழே வைத்தாள். “போறதெண்டால் சவரம் பண்ணிக்கொண்டு போங்கோ,” என்றாள். மீண்டும் சுளகை எடுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து கடை நிறைந்திருந்த நேரம் அமிர்தநாயகம் புத்தகத்தோடு போனார். வழமையான கதிரையில் இருக்கவில்லை. சிங்கராசா வழக்கம்போல ஆரம்பித்தார்.

“வாங்கோ கிளாக்கர். இவனுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, எட்டாம் இலக்கத்துக்கு எத்தினை?”

“நாலு.”

கடையில் சிரிப்பு எழுந்தது. கிளாக்கர் பகிடி விடுகிறார் என்று நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேசையில் புத்தகத்தை விரித்தார். “ஏழாம் இலக்கத்துக்கு அஞ்சு. அம்புறோஸ் ஏழு நிமிசம் இருக்கேக்க வெளியில போயிருக்க வேணும். அந்தப் பவுலைக் காமிலின்ர வரியில போட்டது நான். தவறி இல்லை. தெரிஞ்சு.”

பேனாவை எடுத்து இரண்டு எண்களின் மேலும் கோடு கிழித்தார். வாழ்நாளில் முதல்தரம் கோடு வளைந்தது. பக்கத்தில் 5 என்றும் 4 என்றும் எழுதினார். ஓரத்தில் முதலெழுத்து, திகதி.

சிங்கராசாவின் முகம் கறுத்தது. “கிளாக்கர், உங்கட புத்தகத்தில சத்தியம் பண்ணி எத்தினை பேரோட சண்டை பிடிச்சனான் தெரியுமோ? என்ர சொந்த மருமகனோட கதை பேச்சில்லை.”

நாற்பத்தேழு வருடம் தோற்றுக்கொண்டிருந்த தில்லைநாதன் துள்ளிக் குதித்திருக்கலாம். அவர் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை அவன் இஞ்ச இருக்கேக்க சொல்லியிருக்கலாம்,” என்றார்.

அதற்கு மேல் ஒருவரும் பேசாமல் இருந்தால் அமிர்தநாயகம் தாங்கியிருப்பார். அருளம்மா தேத்தண்ணி ஆற்றியபடியே கேட்டாள்: “அப்ப மழைக் கணக்கும் உப்பிடித்தானோ கிளாக்கர்?”

கடை வெடித்துச் சிரித்தது. சிங்கராசாகூடச் சிரித்தார். அமிர்தநாயகம் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அந்த ஆட்டத்தை மலரிலிருந்து எடுத்துவிடலாம் என்று செயலாளர் சொல்லிப் பார்த்தார். அமிர்தநாயகம் விடவில்லை. பக்கம் கோட்டோடு அச்சாவதென்று கடைசியில் தீர்ந்தது. கோப்பையை என்ன செய்வதென்று தீரவில்லை. அது கழகத்தில் அம்புறோசின் படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. திருத்திய பக்கத்தைப் பிரதி எடுத்து இரண்டாவது கடிதத்தோடு புத்தளத்துக்கு அனுப்பினார். அதில் மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. எட்டரைக்கு மழைமானியைப் பார்க்கும்போது, வேலிக்கு வெளியே போகிறவர்கள் தன்னைப் பார்க்கிறார்களோ என்று தோன்றியது. ஒரே அளவை இரண்டு தரம் பார்க்கத் தொடங்கினார்.

கடைசிக் கடிதமும் நசீறாவின் எழுத்தில்தான்.

“கிளாக்கர் ஐயாவுக்கு, பிரதி கிடைத்தது. வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, தன் விரலை அதன்மேல் வைக்கச் சொன்னார். என் மகன் இங்கே பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து விளையாடுகிறான். வாப்பா விளையாடினவர் என்பதை அவன் நம்பவில்லை. 1961 முதல் வாப்பா ஆடிய ஆட்டங்களின் விபரம் எல்லாம் எழுதி அனுப்ப முடியுமா? வாப்பா சொன்னது: ‘ரெண்டு கூடை போட்டேன். அது சரியாத்தான் கிடக்குதா? மத்ததெல்லாத்தையும் ஒருக்காச் சரி பாத்து அனுப்பச் சொல்லு.’”

அமிர்தநாயகம் பெட்டியைத் திறந்து 1961ஆம் ஆண்டின் முதல் பக்கத்தை எடுத்தார். முத்து முத்தான எழுத்து. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் போனார். ஒன்றிலும் பிழை தெரியவில்லை. சரியென்று சொல்லவும் அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. எட்டாம் இலக்கத்தின் வரி வந்த இடமெல்லாம் நின்று, அந்த எண்ணை எழுதிய கை எப்படிப்பட்டது என்று தெரிந்தவராக, வெள்ளைத் தாளில் மெதுவாகப் பிரதி எழுதத் தொடங்கினார்.

அதற்கு முன், வழக்கப்படி, கடித உறையின் பின்பக்கத்தில் அது வந்த திகதியைக் குறித்தார். இரண்டு தரம் நாட்காட்டியைப் பார்த்துத்தான் குறித்தார்: 2011 நவம்பர் 17, வியாழன்.