செப்பு முனையும் என் அரமும்

குறை என் கையில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதுளை டவுனில் இரும்பு அலுமாரி செய்யும் பட்டறையில் ஸ்பொட் வெல்டிங் மெஷின் என் பொறுப்பு. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு செப்பு முனைகள். நடுவில் இரண்டு தகடுகளை வைத்து மிதியை அழுத்தினால் முனைகள் கவ்வும், கரண்ட் பாயும், தகடுகள் ஒரு புள்ளியில் உருகி ஒட்டும். அடிக்க அடிக்க முனை சப்பையாகிக் காளான் தலை போல விரியும். விரிந்தால் சூடு ஓரிடத்தில் நிற்காது. வெளியே அழகான வட்டத் தழும்பு தெரியும், உள்ளே ஒட்டே இருக்காது. அதனால் அவ்வப்போது அரத்தால் ராவி முனையைப் பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் முதலாளி விடமாட்டார்.

"செப்ப ராவி ராவியே தீத்துடுவ போல. கரண்ட கூட்டி வச்சு அடி புள்ள" என்பார். கூட்டினால் பொறி பறக்கும், தகடு கருகும். சொன்னால் காதில் ஏறாது.

ஒரு சனிக்கிழமை, நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் எங்களிடம் வாங்கிய அலுமாரியை லொறியில் திருப்பி ஏற்றி வந்தார். அக்காள் மகள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த தாய்மாமன் சீர் அது. லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகள் வரைக்கும் லொறி போகாது, ரோட்டிலிருந்து தோளில்தான் தூக்க வேண்டும். எங்கள் லயத்து ஆட்கள் சீர் அலுமாரியை வெறுமையாகத் தூக்கமாட்டார்கள். அரிசி, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் எல்லாம் அடுக்கித்தான் தூக்குவார்கள். படியேறும்போது தட்டைத் தாங்கும் பட்டை கழன்று, மேளச் சத்தத்துக்கு நடுவே எல்லாம் உள்ளேயே உருண்டிருக்கிறது.

"சம்பந்தி ஊட்டு ஆளுங்க சிரிச்சாங்க தங்கச்சி" என்றார்.

முதலாளி பட்டையைப் பார்க்கக்கூட இல்லை. "லயத்து ஆளுங்களுக்குப் பாவிக்கத் தெரியாது. சாமான வச்சுக்கிட்டு யாரு தூக்கச் சொன்னா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒன் வேலையும் சரியில்ல. திங்கக்கெழமையிலருந்து நீ பெயின்ட் பக்கம் போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். சாமான் வைக்கத்தானே அலுமாரி?

மெஷினை நிறுத்திவிட்டு அரத்தை எடுத்தேன். "என்ன பண்றே?" என்றார். முனையைக் கூராக்கினால் தகடு ஓட்டையாகிவிடும். அதனால் ஓரத்தை மட்டும் உருட்டி, நடுவில் சின்ன வட்டத்தைத் தட்டையாக விட்டேன். இரண்டு முனைகளும் நேருக்கு நேர் உட்காருகின்றனவா என்று, வெள்ளைத் தாளோடு கார்பன் தாளை வைத்துக் கவ்வவிட்டுப் பார்த்தேன். வட்டம் முழுசாக விழுந்தது. பிறகு கரண்ட் கொடுத்து இரண்டு துண்டுத் தகடுகளை ஒட்டி, குறட்டால் பிரித்தேன். ஒட்டு விடவில்லை. ஒரு தகடுதான் கிழிந்து ஓட்டையானது, ஒட்டிய பொட்டு மற்றத் தகட்டிலேயே நின்றது. கழன்றுவந்த பட்டையிலோ ஒரு கிழிசல்கூட இல்லை. இரண்டையும் முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"லயத்து ஆளுங்க ஒடைக்கல மொதலாளி. இது ஒட்டவே இல்ல."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பட்டைகளை மறுபடி ஒட்டிக் கொடுத்தபோது அந்தத் தாய்மாமன் தயங்கினார். "இந்தத் தடவ வெறுமனே தூக்கிட்டுப் போயிரட்டுமா தங்கச்சி?"

"எதுக்கு? நெறைய வச்சே தூக்குங்கண்ணே. மேளத்தையும் கூப்பிடுங்க."

திங்கட்கிழமை நான் பெயின்ட் பக்கம் போகவில்லை. முதலாளி உள்ளே வரும்போது மெஷின் முன்னால் அரத்தோடு நின்றேன்.

"இன்னைக்கும் ராவப் போறியா?"

"ஆமாங்க மொதலாளி. நாளைக்கும்."