வீட்டுக்கு வந்த டைப்ரைட்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. திருச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று கடிதம் கொடுக்கப் போனேன். வக்கீல் அதை வாங்கவே இல்லை.

"ஒரு மெஷின் சும்மாதாம்மா கிடக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. குமாஸ்தா பேப்பரைக் கொண்டுவந்து தருவார், அடிச்சுக் கொடுங்க" என்றார்.

முதலில் சொர்க்கமாகத்தான் இருந்தது. காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் நசுங்க வேண்டாம். குழந்தை அழுதால் எடுத்துப் பால் கொடுக்கலாம். மெஷினுக்குப் பக்கத்திலேயே தூளி கட்டியிருந்தேன். அந்தச் சத்தம் இருந்தால்தான் தூங்குவாள்.

கொஞ்ச நாளில் மற்றது தெரிய ஆரம்பித்தது. ஆபீஸில் பாதி வரியில் என்னை எழுப்பி யாரும் அடுப்பில் பாலைப் பார்க்கச் சொன்னதில்லை. இங்கே பெருமாளைச் சேவிக்க வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். எழுந்து காபி கலந்துவிட்டு வந்தால் விட்ட இடம் மறந்திருக்கும். கையெழுத்து புரியவில்லை என்றால் கேட்க ஆள் கிடையாது. பதினோரு மணி டீக்கு ஆபீஸில் அடிக்கிற அரட்டைக்காக ஏங்கியிருக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

ஒருநாள் காலை குமாஸ்தா அவசரமாக வந்தார். தொட்டியத்தில் வாழை போட்டிருந்த ஒரு குடும்பத்தை மறுநாளே நிலத்தை விட்டு வெளியேற்றப் போகிறார்களாம். அன்று மதியம் கோர்ட் கூடுவதற்குள் தடை கேட்டு மனு போட்டாக வேண்டும்.

"திருவானைக்காவல்ல ஒரு ஆளைப் பார்த்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள முடிச்சு வைங்கம்மா, உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கென்று பார்த்து என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் விடியும்போதே செய்து வைத்துவிட்டுத்தான் மெஷின் முன் உட்கார்ந்தேன். மாமியார் வந்து நின்றார்.

"அவா வர நேரமாச்சு. அதைக் கட்டிலுக்கு அடியில தள்ளு. மாட்டுப்பொண் டைப் அடிச்சுத்தான் இந்தாத்துல உலை கொதிக்கிறதுன்னு நினைச்சுக்கப் போறா."

என் கணவரும், "ஒரு மணி நேரம்தானே, நிறுத்தி வையேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஆபீஸுக்குப் போயிருந்தா இப்படிக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுவேளா? நாளைக்கு ஒரு குடும்பம் தெருவுல நிக்கப் போறது. என்னால நிறுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். விட்ட வரியிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தேன்.

அவர்கள் வந்துவிட்டார்கள். கூடத்தில் பேச்சு கேட்டது. பையனின் அம்மா, "உள்ளே என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"அது பக்கத்தாத்துல" என்றார் மாமியார்.

என் கை நின்றுவிட்டது. வெயிலிலும் மழையிலும் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்ட தொழில். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி உட்கார்ந்து செய்கிற வேலை. அது பக்கத்து வீட்டில் நடக்கிறதாம்! எழுந்து கதவைத் திறந்தேன்.

"பக்கத்தாத்துல இல்லை மாமி. நான்தான். கோர்ட் வேலை, அவசரம். இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. முடிச்சுட்டு வந்து சேவிக்கறேன்."

நான் கதவைச் சாத்திவிட்டு முன்பைவிட வேகமாக அடித்தேன். குமாஸ்தா வந்து, பஜ்ஜித் தட்டுகளுக்கு நடுவே காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, மனுவை வாங்கிக்கொண்டு ஓடினார். அன்று மாலையே தடை கிடைத்துவிட்டது.

அந்த வரன் அமையவில்லை. பழி என் தலையில்தான் விழுந்தது. மாமியார் வெகுநாள் என்னோடு பேசவில்லை. நாத்தனார்தான் அடுக்களையில் என் காதருகே வந்து, "மன்னி, கல்யாணத்துக்கு அப்புறம் நான் வாசப்படி தாண்டி வேலைக்குப் போகப்படாதுன்னு அந்த மாமி சொல்லிண்டிருந்தா. சரியா அப்போதான் நீங்க கதவைத் திறந்தேள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை" என்றாள்.

நான் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கொடுக்கவில்லை. மகள் ஸ்கூலுக்குப் போகிற வரை அதே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். பிறகு ஆபீஸுக்கே திரும்பினேன். அங்கே பேச்சுத்துணை உண்டு, பஸ் நெரிசலும் உண்டு. வீட்டில் குழந்தையின் முகம் உண்டு, ஓயாத குறுக்கீடும் உண்டு. எது மேல் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கே உட்கார்ந்து உழைத்தாலும், அது என் உழைப்புதான் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அன்றைக்குப் பிறகு நான் ஒருமுறைகூடத் தயங்கியதில்லை.