திருப்பிச் சொன்னவள்

என் தங்கை எதைக் கேட்டாலும் கேட்டதையே திருப்பிச் சொல்வாள். "சோறு துன்றியா?" என்றால் "சோறு துன்றியா" என்பாள். பசிக்கிறது என்று அர்த்தம். பசி இல்லையென்றால் பேசாமல் போய்விடுவாள். இது எனக்குத் தெரியும். அவளுக்கு நான்கு வயது மூத்தவள் நான். அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டியதெல்லாம் நான்தான்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். பம்புசெட் ஓடினால் தொட்டியில் விழும் தண்ணீருக்குக் கீழே கையை நீட்டியபடி மணிக்கணக்காக நிற்பாள். மோட்டாரை நிறுத்தினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாரத்தில், "இத இனிமே இட்டாராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். இன்று அதற்கு ஆட்டிசம் என்று ஒரு சொல் இருக்கிறது. அன்று எங்கள் ஊரில் பைத்தியம் என்றார்கள். கொஞ்சம் இரக்கப்பட்டவர்கள் பேய் என்றார்கள்.

அவளுக்குப் பத்து வயதானபோது நைனா அவளை ஒரு பூசாரியிடம் அழைத்துப் போனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். ஊரே சுற்றி நின்றது.

"யாரு நீ? சொல்லு" என்றார் பூசாரி.

"யாரு நீ? சொல்லு" என்றாள் தங்கை.

"என்னையே கேக்குறியா? போறியா, இல்லியா?"

"போறியா, இல்லியா?"

கூட்டம் பின்வாங்கியது. பூசாரி பிரம்பை எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் கேட்டார், அவள் அதையே திருப்பிச் சொன்னாள். பேய் திமிராகப் பேசுகிறது என்று இன்னும் பலமாக அடித்தார். அது பேயில்லை, அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள் என்று நான் சொல்லியிருக்கலாம். பயம் மட்டும் என்னைத் தடுக்கவில்லை. உண்மையிலேயே பேயாக இருந்தால் ஓடிவிடும், இவளும் மற்ற பெண்களைப் போல ஆகிவிடுவாள் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. கடைசியில் அவள் வாயை மூடிக்கொண்டாள். "போயிடிச்சி" என்றார் பூசாரி.

அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. "சோறு துன்றியா?" என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன்.

நான்கு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தார்கள். அவளை மாட்டுக்கொட்டகையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். "எனுக்கு ஒரே பொண்ணுங்க" என்றார் நைனா. நான் தலையைக் குனிந்தபடி காப்பித் தட்டை நீட்டினேன். கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டில் ஒருநாளும் நான் அவளைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வருஷம் ஆனது. ஐப்பசி மழையில் என் தாய்மாமன் வந்தார். மாமியாருக்கு எதிரில் என் முகத்தைப் பார்த்து, "பக்கத்து ஊட்டுப் பொண்ணு தவறிடிச்சிம்மா. நேத்தே எடுத்துட்டாங்க" என்றார். எங்கள் பக்கத்து வீட்டில் பெண் பிள்ளையே கிடையாது.

போய்வரட்டுமா என்று மாமியாரைக் கேட்டேன். கெட்டவர் இல்லை அவர்.

"மழையில அம்மாந்தூரம் எதுக்குமா? கூடப் பொறந்தவளா இன்னா?"

"இல்ல அத்த" என்றேன்.

மாமாவை வழியனுப்பத் தெருமுனைவரை போனேன். குடைக்குள் நின்று, எப்படி என்று கேட்டேன்.

"மூணு நாளா ஜொரம். வயித்தப் புடிச்சிக்கினே இருந்துச்சாம். எங்க வலிக்குதுன்னு கேட்டா ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்றார். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.