தோல் அலமாரியில் அக்கா வைத்த பறை

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு சம்பா அறுவடை முடிந்துவிட்டது. இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை அக்காவின் மூத்த மகள் என்னிடம் கொடுத்தாள். "மாமா, நீட்டி முழக்காதீங்க, ரெண்டு பக்கம்தான் இடம்" என்று கூடவே ஓர் எச்சரிக்கை. ஆயுள் முழுக்கப் பேருந்தில் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று ஆட்களை அடைத்தவன் நான். அக்காவை இரண்டு பக்கத்தில் அடைக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.

குடவாசலுக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்தில் அக்கா பிறந்தார். அப்பா விவசாயக் கூலி. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். நன்றாகப் படித்த அக்கா, நான் படிக்க வேண்டும் என்பதற்காகப் பத்தாவதோடு நின்று வயலில் இறங்கினார். சுமாராகப் படித்த நான் நடத்துநர் ஆனேன். நான் காக்கிச் சட்டை போட்ட முதல் நாள், அக்கா தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா மன்னார்குடியில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான பிறகு, அத்தான் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று அக்கா அங்கேயே ஓர் இசைப்பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளியின் கருவி அறை அப்போது கல்யாண வீட்டுச் சாமான் அறை போலக் கிடந்ததாம். வீணை மட்டும் மேடையில் இருந்தது. மற்றவை கைக்கு வந்த இடத்தில் கிடந்தன. வகுப்பு வாசலைப் பெருக்கும்போதே அக்கா பாடத்தையும் கேட்டுக்கொண்டார். கருவிகள் நான்கு வகை: நரம்பு, துளை, தோல், கஞ்சம். எது அதிர்ந்து ஒலி பிறக்கிறதோ அதுதான் வகை. வீணையிலும் தம்புராவிலும் நரம்பு. புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் துளைக்குள் போகும் காற்று. மிருதங்கத்திலும் தவிலிலும் தோல். கைத்தாளத்தில் அந்த வெண்கலமே ஒலிக்கிறது, அது கஞ்சம். ஒரு விடுமுறை வாரத்தில் அக்கா அங்கிருந்த நான்கு அலமாரிகளையும் துடைத்து, சீட்டு எழுதி ஒட்டி, எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டார். கடத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. தோலும் இல்லை, நரம்பும் இல்லை, ஊதுவதும் இல்லை. மிருதங்க ஆசிரியரிடம் கேட்டார். "அது உடம்பே பேசுதும்மா, தாளத்தோட வைங்க" என்றார் அவர். அன்று சாயங்காலம் என் பேருந்தில் ஏறிய அக்கா, மன்னார்குடியிலிருந்து குடவாசல் வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சில்லறை கொடுக்கவே நேரம் போதவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் தன் வீட்டிலிருந்த கருவிகளைப் பள்ளிக்குக் கொடுத்தார். அவற்றில் ஒரு பறை இருந்தது. அக்கா அதைத் துடைத்து, தோல் அலமாரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பள்ளியின் செயலர் பார்த்துவிட்டார். "யாரைக் கேட்டும்மா இதை இங்க வச்சே? அது சாவுக்கு அடிக்கிறது. எடுத்துட்டுப் போய்க் கொட்டகையில போடு."

அக்கா சொன்னது இதுதான்: "ஐயா, சங்கும்தான் சாவுக்கு ஊதுறாங்க. அதை உங்க ரூம்ல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம்."

அறையில் ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள். செயலருக்கு முகம் சிவந்துவிட்டது. "பெருக்க வந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்க அப்பா அடிச்சது இதுதாங்கய்யா. தோல்னு சீட்டு ஒட்டியிருக்கு. எதுக்கு அடிக்கிறதுன்னு அதுல எழுதலையே."

அன்றே பறை கொட்டகைக்குப் போனது. நாளை முதல் வர வேண்டாம் என்று அக்காவுக்கும் சொல்லிவிட்டார்கள்.

இங்கே நான் என் கதையையும் சொல்லியாக வேண்டும். அப்பா பறை அடித்ததை நான் பணிமனையில் யாரிடமும் சொன்னதில்லை. கூப்பிட்ட நேரத்துக்குப் போகவேண்டும், தள்ளி நிற்கவேண்டும், 'டேய்' என்றால் திரும்பிப் பார்க்கவேண்டும். அப்பா அப்படி நின்றதைப் பார்த்தவன் நான். நாங்கள் அந்த வேலையை விட்டொழித்ததில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அக்கா ஊரறியச் சொல்லிவிட்டு வேலையையும் இழந்து வந்தபோது, எனக்கு வந்த கோபம் அக்கா மேல்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை? கொட்டகையில போடுன்னா போட்டுட்டு வர வேண்டியதுதானே? ரெண்டு பொண்ணுங்கள வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று கத்தினேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "அடிக்கச் சொன்னவங்க மேல கோவமா? அவங்க மேல வை. தோலு என்னடா தம்பி பண்ணுச்சு?"

மறுநாள் காக்கிச் சட்டையோடு போய், அக்கா சார்பில் செயலரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது தெரிந்ததும் அக்கா பத்து நாள் என்னோடு பேசவில்லை. என்னை அவர் அப்படித் தண்டித்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குள் பள்ளியில் வேறொன்று நடந்துவிட்டது. மிருதங்க ஆசிரியர் தன் சொந்த மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் பறைக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுலயும் மாட்டுத்தோல்தான் இருக்கு. தோலுக்கு இடம் கொட்டகைன்னா, இதுவும் இங்கயே இருக்கட்டும்" என்றாராம். சாயங்காலம் தவில் ஆசிரியரும் தன் தவிலோடு வந்தார். அடுத்த நாள் மாணவர்கள் கஞ்சிராவையும் உடுக்கையையும் கொண்டுவந்தார்கள். ஐப்பசி மாதம், அடைமழை. கொட்டகையோ ஒழுகும் ஓட்டுக் கொட்டகை. ஈரம் ஏறினால் தோல் தொய்ந்துபோகும் என்பது செயலருக்கும் தெரியும். இரண்டு நாள் வானத்தைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அக்கா போய், முதலில் பறையைத் தூக்கி வந்து அதே இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் மற்றவற்றை எடுத்தாராம். எங்கள் அக்காவுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்தான்.

செயலரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பிறகு அக்காவைக் கருவிக் காப்பாளராக உயர்த்தியவர் அவரே. பறைக்குத் தனி வகுப்பு வந்ததும் அவர் காலத்தில்தான். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்தால், "அந்தம்மாகிட்ட கேளுங்க" என்று கருவி அறைக்கு அனுப்புவார். இரண்டு மகள்களையும் பட்டதாரிகளாக்கி, சொந்தக் காலில் நிற்கவைத்துவிட்டு அக்கா ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டு நுரையீரல் நோயால் தஞ்சாவூர் மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்து, மகள்கள் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

இறுதி நாளில் உறவினர்கள் பேண்டு செட் வைக்கலாம் என்றார்கள். "படிச்ச குடும்பம் ஆயிட்டோம், பறை எதுக்கு?" என்றார் ஒருவர். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பறை வகுப்பில் படித்த பிள்ளைகள், யாரும் கூப்பிடாமலே வந்து, வாசலில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக, எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். "அவங்க அடிக்கட்டும்" என்றேன். அக்கா முன்னால் நான் தலை நிமிர்ந்து நின்றது அப்போதுதான்.

நன்றியை அக்காவின் அலமாரி வரிசையில் சொல்கிறேன். தோல்: பறையடித்து வழியனுப்பிய அந்தப் பிள்ளைகளுக்கும், தள்ளாத வயதில் வந்து நின்ற மிருதங்க ஆசிரியருக்கும். துளை: சங்கு ஊதிய பெரியவருக்கு. கஞ்சம்: சேகண்டி அடித்தவருக்கு. நரம்பு: பதினாறாம் நாள் வீட்டில் அமர்ந்து வாசித்த வீணை ஆசிரியைக்கு. மருத்துவமனையில் இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எந்த அலமாரியும் போதாது.

கடைசியாக ஒரு திருத்தம். மேலே, அக்கா பிறந்ததைச் சொன்ன இடத்தில், "அப்பா விவசாயக் கூலி" என்று எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம், கை தானாக எழுதிவிட்டது. அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும் என்று. அந்த வரியை இப்படிப் படியுங்கள்: எங்கள் அப்பா வயலில் உழைத்தவர், பறை அடித்தவர். அக்கா அவருடைய மகள். நான் அவருடைய மகன்.