எங்கள் சொம்பில் குடித்தவர்

மாம்பலம் ஏரிக்கரையில் எங்கள் சேரிக்கு வந்த பெரிய மனிதர்களில், குடிசைக்குள் வந்து உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். கதர் ஜிப்பா, வெற்றிலைச் சிவப்பேறிய உதடு, அதட்டாத குரல். எந்தக் குடிசைக்குள் நுழைந்தாலும் முதலில் தண்ணீர் கேட்பார். எங்கள் சொம்பை உதட்டில் வைத்தே குடிப்பார்.

"உங்களுக்கெல்லாம் ஓட்டு வீடு கட்டித் தரப்போறோம், தெருவுக்குத் தெரு குழாய். இடத்தை மட்டும் காலி பண்ணிக் கொடுங்கோ" என்றார்.

"நம்ம சொம்புல வாய் வெச்சுக் குடிச்ச மனுசன் பொய் சொல்வாரா?" என்றாள் என் மனைவி. குடிசையை நாங்களே பிரித்தோம்.

அந்த இடத்தில் பங்களாக்கள் எழும்பின. நாங்கள் அடையாற்றங்கரைச் சேற்றில் கிடந்தோம். ஒரு கோடையில் இருவரும் மயிலாப்பூரில் அவர் வீட்டைத் தேடிப் போனோம். வாசலுக்கு அவரே வந்தார்.

"எங்க வூடு இன்னா ஆச்சு சாமி?" என்று கேட்டாள் என் மனைவி.

"மேலிடத்துல யோசிச்சிண்டிருக்கா. வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடி" என்று சொல்லி உள்ளே போய்ச் சொம்போடு வந்தார். அவள் அதை வாங்கக் கை நீட்டினாள். அவர் சொம்பை உயரத் தூக்கிக்கொண்டார்.

"கையை ஏந்து, ஊத்தறேன்."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எங்கள் சொம்புத் தண்ணீர் அன்றெல்லாம் அவர் தொண்டையில் எப்படித்தான் இறங்கியதோ.